கிழக்கே திரும்பிய பாம்பாறு

(நமது பாலக்காடு பகுதி நேர நிருபர்)

கேரளத்தில் 15 கிலோ மீட்டருக்குக் குறையாத நீளமுள்ள ஆறுகள் 44 என்பது பள்ளிக்கூடப் பாடம். அவற்றில் 41 ஆறுகள் மேற்கு நோக்கி ஓடி அரபிக் கடலில் கலக்கின்றன. மீதமுள்ள மூன்று மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே திரும்பி, காவிரியோடு சேர்ந்து வங்கக் கடலுக்குப் போகின்றன. வயநாட்டின் கபினியும் அட்டப்பாடியின் பவானியும் பலருக்குத் தெரிந்த பெயர்கள். மூன்றாவதான இடுக்கி மாவட்டத்துப் பாம்பாறு, பெயர் சொன்னால்கூட எங்கே இருக்கிறது என்று கேட்கப்படும் நிலையில் இருக்கிறது.

மூன்றிலும் சிறியது இதுதான். கேரள எல்லைக்குள் இதன் நீளம் சுமார் 25 கிலோ மீட்டர். நமது பாரதப்புழையோடு ஒப்பிட்டால் இதை ஓடை என்றே சொல்லலாம். ஆனால் இந்தச் சிற்றாற்றின் தண்ணீரை நம்பித்தான் உடுமலை, மடத்துக்குளம், தாராபுரம், கரூர் வட்டாரங்களில் ஐம்பதினாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் இருக்கிறது. இதன் மேல்மடையில் இருப்பவர்களும் தமிழ் பேசுகிறவர்களே, கடைமடையில் இருப்பவர்களும் தமிழ் பேசுகிறவர்களே. அப்படியிருந்தும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்த ஆற்றை முன்னிட்டு இரண்டு மாநில அரசுகளுக்கு இடையே கடிதங்கள் பறக்கின்றன. எனவே இந்த ஆற்றை அதன் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை அறிந்துகொள்வது நல்லது.

முகட்டுக்கு அந்தப் புறம்

ஓட்டு வீட்டின் கூரையில் மழை பெய்யும்போது, முகட்டுக்கு இந்தப் புறம் விழும் துளி வாசல் திண்ணைப் பக்கம் வடிகிறது. நான்கு விரல் தள்ளி அந்தப் புறம் விழும் துளி கொல்லைக்குப் போகிறது. மலைத்தொடரின் கதையும் இதுவே. மூணாறு நகரில் கூடும் முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை ஆகிய மூன்று ஆறுகளும் முகட்டின் மேற்குப் புறத்தவை. அவை பெரியாற்றில் சேர்ந்து அரபிக் கடலுக்குப் போகின்றன. அதே மலைக்கூட்டத்தின் மறுபுறத்தில் வடியும் நீரெல்லாம் பாம்பாற்றைச் சேருகிறது.

தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி (2,695 மீட்டர்) இந்தப் பிரதேசத்தில்தான் நிற்கிறது. அதைச் சுற்றியுள்ள இரவிகுளம் உயர்நிலம் 1975ல் சரணாலயமாகவும் 1978ல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. வரையாடுகளுக்குப் பெயர் பெற்ற இடம் இது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குறிஞ்சி பூத்து மலையே நீலமாக மாறும் இடமும் இதுவே. கடைசியாக 2018ல் பூத்தது. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் ஆட்டையும் பூவையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். காலுக்கடியில் இருக்கும் புல்லை யாரும் கவனிப்பதில்லை.

உண்மையில் ஆற்றின் ரகசியம் அந்தப் புல்லில்தான் இருக்கிறது. இங்கே மலையின் மேற்பரப்பெல்லாம் புல்வெளி. மடிப்புகளிலும் பள்ளங்களிலும் மட்டும் குட்டையான, அடர்ந்த சோலைக்காடு. மழைக்காலத்தில் பெய்யும் நீரைப் புல்லின் வேர்ப்பாயும் சோலையின் மக்கிய மண்ணும் பஞ்சு போல் உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. மழை நின்ற பிறகு மாதக்கணக்கில் அதைச் சிறுகச் சிறுக ஓடைகளில் விடுகின்றன. மனிதன் கட்டாத அணை என்று இதைச் சொல்லலாம்.

இந்த ஊற்றுகளிலிருந்து, கடல் மட்டத்துக்கு மேல் இரண்டாயிரம் மீட்டரை ஒட்டிய உயரத்தில் பாம்பாறு தொடங்குகிறது. மூணாறிலிருந்து மறையூர் செல்லும் சாலையில் வாகவரைத் தேயிலைத் தோட்டத்துக்கு அருகே இலக்கம் அருவி என்ற பெயரில் சாலையோரத்தில் விழுவது இதில் சேரும் நீர்தான். தலையாறு பள்ளத்தாக்கில் இறங்கும் ஓடைகளெல்லாம் சேரச் சேர ஆற்றுக்கு ஓர் உருவம் வருகிறது. பெயருக்கு ஏற்ப வளைந்து வளைந்து வடகிழக்காகப் போகிறது.

பாம்பாறு என்ற பெயரில் தமிழ்நாட்டிலும் ஆறுகள் உண்டு. கொடைக்கானலில் ஒன்றும் ஊத்தங்கரைப் பக்கம் ஒன்றும் இருக்கின்றன. அவற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மழை மறைந்த ஊர்

மூணாறிலிருந்து மறையூருக்குச் சாலை வழி சுமார் 40 கிலோ மீட்டர். இந்தத் தூரத்துக்குள் சீதோஷ்ணமே தலைகீழாக மாறிவிடுகிறது. மூணாறில் ஆண்டுக்கு மூவாயிரம் மில்லி மீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மறையூரைத் தாண்டிச் சின்னாறு எல்லைக்கு வந்தால் அது சுமார் ஐந்நூறாகக் குறைந்துவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் ஏறும்போதே தன் மழையைக் கொட்டிவிடுகிறது. முகட்டைத் தாண்டி இறங்கும்போது அதனிடம் ஈரம் மிச்சமில்லை. இதை மழை மறைவுப் பிரதேசம் என்பார்கள். பாண்டவர்கள் மறைந்திருந்ததால் மறையூர் என்ற பெயர் வந்தது என்று அந்த ஊரில் ஒரு கதை உண்டு. மழை மறைந்துகொள்வதால் வந்தது என்று சொன்னாலும் பொருந்தும்.

ஆனி, ஆடி மாதங்களில் இந்தப் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் ஒரு விசித்திரத்தைக் காணலாம். தலைக்கு மேல் வெயில், காலடியில் காய்ந்த மண், சுற்றிலும் முட்புதர். நடுவே ஆறு மட்டும் செந்நீராகப் புரண்டு ஓடும். மழை பெய்வது இங்கேயல்ல, மேலே மலையில். இந்தப் பள்ளத்தாக்குக்கு உரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தில்தான் வருகிறது. ஆக இரண்டு பருவமும் பாம்பாற்றுக்கு நீர் தருகின்றன.

ஐந்து ஊர்களின் நாடு

மறையூர், காரயூர், காந்தளூர், கீழாந்தூர், கொட்டகுடி என்ற ஐந்து ஊர்களும் சேர்ந்து அஞ்சுநாடு எனப்படுகின்றன. இங்குள்ள வேளாண் குடிகளின் முன்னோர் மதுரைச் சீமையில் ஏற்பட்ட குழப்பங்களுக்கு அஞ்சி மலையேறி வந்தவர்கள் என்பது வழிவழியாக வழங்கும் செவிவழிச் செய்தி. அவர்களுக்கு முன்பும் மனிதர்கள் இங்கே வாழ்ந்திருக்கிறார்கள். மறையூரைச் சுற்றியுள்ள பாறைகளின் மேல் கற்பலகைகளை நிறுத்தி, மேலே ஒரு பலகையை மூடி அமைத்த பெருங்கற்கால ஈமக் கல்லறைகள் இன்றும் நிற்கின்றன. ஊரார் அவற்றை முனியறை என்கிறார்கள். முதுவர், புலையர் ஆகிய பழங்குடி மக்களின் குடிகள் காட்டுக்குள் இருக்கின்றன.

மறையூரில் இரண்டு வாசனைகள் உண்டு. ஒன்று காட்டில் வனத்துறை வேலி போட்டுக் காக்கும் சந்தனம். மற்றது கரும்புப் பாகு. ஓடைகளிலிருந்து வாய்க்கால் வெட்டி, வயல் வயலாகத் தண்ணீர் கொண்டுபோய்க் கரும்பு பயிரிடுகிறார்கள். வயலை ஒட்டியே கொட்டகை போட்டு, சாறு பிழிந்து, கொப்பரையில் காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் கையால் உருண்டை பிடிக்கிறார்கள். மறையூர் சர்க்கரை என்று பெயர் பெற்ற இந்த வெல்லத்துக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உயரத்தில் உள்ள காந்தளூரில் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ் ஆகியவை விளைகின்றன. ஆப்பிளும் உண்டு.

மழை குறைந்த இடத்தில் இத்தனை பயிரும் விளைவதற்குக் காரணம் மேலேயிருந்து வரும் ஓடைநீர் ஒன்றே. அந்த ஓடைகள் கோடையில் மெலிந்து வருவதுதான் இங்குள்ளவர்களின் கவலை. ஒரு காலத்தில் வருமானத்துக்காக மலைச்சரிவுகளில் பெருமளவில் நட்ட யூகலிப்டஸ் மரங்கள், அதாவது ஊரார் கிராண்டிஸ் என்று சொல்பவை, நிலத்தடி ஈரத்தை இழுத்து ஊற்றுக்கண்களை வற்றச் செய்கின்றன என்பது காந்தளூர், வட்டவடை விவசாயிகளின் நீண்ட நாள் முறையீடு. புல்வெளி தரும் தண்ணீர்க் கணக்கையும் இந்த மரம் குடிக்கும் தண்ணீர்க் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் அந்த முறையீட்டில் நியாயம் இருப்பது புரியும்.

காட்டுக்குள் பயணம்

மறையூருக்குக் கீழே ஆறு சின்னாறு வனவிலங்குச் சரணாலயத்துக்குள் நுழைகிறது. 1984ல் அறிவிக்கப்பட்ட இந்தச் சரணாலயத்தின் பரப்பு 90 சதுர கிலோ மீட்டருக்குச் சற்று அதிகம். கேரளம் என்றால் பசுமை என்று நினைப்பவர்கள் இங்கே வந்தால் ஏமாந்து போவார்கள். கள்ளியும் வேலமும் நிறைந்த வறண்ட காடு இது. ஆனால் ஆற்றின் இரு கரையிலும் மட்டும் மருதமும் மாவும் ஓங்கிப் பச்சை நாடா போல் தொடர்கின்றன. அரிதான சாம்பல் அணில் அந்தக் கரையோர மரங்களில்தான் வாழ்கிறது. நட்சத்திர ஆமையும் இந்தக் காட்டுக்கு உரியது.

சரணாலயத்துக்குள் பாம்பாறு பாறையிலிருந்து குதிக்கும் இடம் தூவானம் அருவி. சாலையிலிருந்து பார்த்தால் தூரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரியும். அருகே போக வேண்டுமானால் ஆலாம்பெட்டியிலிருந்து வனத்துறையினர் துணையோடு நடக்க வேண்டும்.

இதற்குள் இன்னொரு ஆறு துணைக்கு வருகிறது. அதுதான் சின்னாறு. சுமார் 18 கிலோ மீட்டர் தூரம் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் எல்லைக்கோடே இந்த ஆறுதான். பாம்பாறும் சின்னாறும் கூடும் இடத்துக்குக் கூட்டாறு என்று பெயர். தொடங்கிய இடத்திலிருந்து இதற்குள் சுமார் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரம் இறங்கிவிட்ட ஆறு, இங்கே தன் பெயரையும் மாநிலத்தையும் விட்டுவிடுகிறது. இனி அதன் பெயர் அமராவதி. மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்குப் பக்கமிருந்து வரும் தேனாறும் இதனோடு சேருகிறது.

அமராவதி என்ற பெயரில்

மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தி அமைக்கப்பட்டது 1956 நவம்பர் 1ந் தேதி. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்ற கிளர்ச்சி பலிக்கவில்லை. அவை கேரளத்தில் அமைந்தன. அதனால் பாம்பாற்றின் தலை ஒரு மாநிலத்திலும் உடல் வேறு மாநிலத்திலுமாக ஆயிற்று. அடுத்த ஆண்டே, 1957ல், காமராஜ் முதலமைச்சராக இருந்தபோது, மலையடிவாரத்தில் அமராவதி அணை கட்டி முடிக்கப்பட்டது. அணையின் முழுக் கொள்ளளவு நீர்மட்டம் 90 அடி, கட்டிய காலத்துக் கொள்ளளவு சுமார் 4 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. லிட்டரில் சொன்னால் சுமார் 2,832 கோடி. அணைநீரில் முதலைகள் உண்டு. அணைக்கு அருகே 1975ல் தொடங்கிய முதலைப் பண்ணையும் இருக்கிறது.

அணை வருவதற்கு முன்பே இங்கே பாசனம் இருந்தது. ராமகுளம், கல்லாபுரம், குமரலிங்கம், சர்க்கார் கண்ணாடிபுத்தூர், சோழமாதேவி, கணியூர், கடத்தூர், காரத்தொழுவு என்று எட்டு ராஜவாய்க்கால்கள் பழைய ஆயக்கட்டுக்கு நீர் தருகின்றன. ஊர்ப் பெயர்களைப் படித்தாலே அவற்றின் தொன்மை விளங்கும். இங்கும் நெல்லும் கரும்பும்தான் பிரதானப் பயிர். மேலே மறையூரிலும் கரும்பு, கீழே மடத்துக்குளத்திலும் கரும்பு. இரண்டையும் வளர்ப்பது ஒரே ஆற்றின் தண்ணீர்.

தாராபுரம் தாண்டி, உப்பாறு, சண்முகா நதி, நங்காஞ்சி, குடகனாறு முதலியவற்றைச் சேர்த்துக்கொண்டு கரூரை அடைகிறது அமராவதி. சங்க நூல்கள் ஆன்பொருநை என்று குறிப்பிடுவது இந்த ஆற்றையே. சேரர் தலைநகரான வஞ்சி இந்தக் கரூர்தான் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். சேர மலையில் பிறந்த ஆறு சேரர் தலைநகருக்கே வந்து சேர்ந்தது என்று பார்த்தால் நம்மைப் போன்ற கேரளத் தமிழர்களுக்கு அதில் ஒரு மகிழ்ச்சி உண்டு. கரூரில் சாயப்பட்டறைக் கழிவால் ஆறு கெட்டதும், அதைத் தடுக்க நீதிமன்றம் தலையிட வேண்டி வந்ததும் அந்த மகிழ்ச்சியைக் குறைக்கின்றன. கரூருக்குக் கிழக்கே திருமுக்கூடலூரில் அமராவதி காவிரியோடு சங்கமமாகிறது.

பாலக்காட்டிலிருந்து ஈரோடு வழியாகத் திருச்சிக்கு ரயிலில் போகிறவர்கள் கரூர் அருகே இந்த ஆற்றைப் பாலத்தில் கடக்கிறார்கள். ஜன்னலில் தெரியும் அந்த மணற்பரப்பில் ஓடும் சிறு நீர்க்கோடு இடுக்கி மாவட்டத்துப் புல்வெளியில் பிறந்தது என்று அப்போது யாருக்கும் தோன்றாது.

மூன்று டி.எம்.சி. கணக்கு

1990ல் அமைந்த காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5ந் தேதி தன் இறுதித் தீர்ப்பை வழங்கியது. கேரளத்துக்கு மொத்தம் 30 டி.எம்.சி. ஒதுக்கியது. கபினிப் படுகையில் 21, பவானியில் 6, பாம்பாற்றில் 3. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16ந் தேதி அளித்த தீர்ப்பில் மற்ற சில கணக்குகளை மாற்றியபோதும் கேரளத்தின் 30 டி.எம்.சி.யில் கைவைக்கவில்லை.

பாம்பாற்றின் மூன்று டி.எம்.சி.யைப் பயன்படுத்த வேண்டும் என்ற நோக்கில், காந்தளூருக்கு அருகே பட்டிசேரியில் பழைய சிற்றணை இருந்த இடத்தில் பெரிய அணை கட்டக் கேரளம் 2014ல் அடிக்கல் நாட்டியது. அமராவதிக்கு வரும் நீர் குறைந்துவிடும் என்று தமிழ்நாடு ஆட்சேபித்தது. பின்னர் 2024 மே மாதத்தில் வட்டவடைக்கு அருகே பெருகுடாவில் சிலந்தி ஆற்றின் குறுக்கே கேரளம் தடுப்பணை கட்டுவதாகச் செய்தி வந்தது. அமராவதியின் துணை நதிகளில் அதுவும் ஒன்று. தமிழ்நாட்டு முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கேரள முதலமைச்சர் பினராயி விஜயனுக்குக் கடிதம் எழுதினார். வட்டவடை மக்களின் குடிநீருக்கான சிறிய தடுப்புதான் அது என்பது கேரளத் தரப்பின் விளக்கம். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே விசாரணைக்கு எடுத்து, உரிய அனுமதி பெறாமல் வேலையைத் தொடரக்கூடாது என்றது.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. கோடையில் குடத்தோடு ஓடைக்கு நடக்கும் வட்டவடைப் பெண்ணிடம், உன் வீட்டு வாசலில் ஓடும் நீர் கரூருக்கு உரியது என்று யார் சொல்ல முடியும்? அதேபோல் நாற்று விட்டுவிட்டு அணை திறப்பதற்குக் காத்திருக்கும் குமரலிங்கம் விவசாயியிடம், மேலே தடுத்துவிட்டோம், பொறுத்துக்கொள் என்று எப்படிச் சொல்வது? இதை மலையாளி, தமிழர் தகராறு என்று வெளியூரில் பேசுகிறார்கள். அது தவறு. வட்டவடைப் பெண்ணும் குமரலிங்கத்து விவசாயியும் நேரில் சந்தித்தால் பேசிக்கொள்ள மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது.

நமக்கும் ஒரு பாடம்

பாம்பாற்றுக்கு நேர் எதிரான ஒரு கணக்கு நமது மாவட்டத்திலேயே இருக்கிறது. ஆனைமலையின் தமிழ்நாட்டுப் பகுதியில் பிறக்கும் ஆழியாறு, பொள்ளாச்சிச் சமவெளியில் இறங்கி மேற்கே திரும்பி, மணக்கடவு தாண்டிக் கேரளத்துக்குள் வருகிறது. நாம் சித்தூர்ப்புழை என்றும் கண்ணாடிப்புழை என்றும் சொல்வது அதைத்தான். பரளியில் அது கல்பாத்திப் புழையோடு கூடிப் பாரதப்புழையாகிறது. 1970 மே 29ந் தேதி கையெழுத்தான பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தத்தின்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீரை மணக்கடவில் தமிழ்நாடு தர வேண்டும். சித்தூர் தாலுகாவின் நெல் வயல்கள் அந்தக் கணக்கை எதிர்பார்த்தே இருக்கின்றன. அந்த நீர் குறைந்தால் நமது சித்தூர் விவசாயிகள் மறியல் செய்கிறார்கள். அப்போது நாம் கடைமடைக்காரர்கள். பாம்பாற்றில் அதே கேரளம் மேல்மடைக்காரராக இருக்கிறது.

ஒரே ஆனைமலையின் ஒரு புறத்தில் கொடுப்பவர் மறுபுறத்தில் வாங்குபவர். இதை மனத்தில் வைத்தால் இரண்டு மாநிலமும் நிதானமாகப் பேச முடியும். மணக்கடவில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. எல்லையில் நீரை அளக்க ஓர் இடம், அளவைப் பார்த்துத் தீர்மானிக்க இரு மாநிலப் பொறியாளர்களும் சேர்ந்த ஒரு குழு. சச்சரவு அங்கும் உண்டு, ஆனால் அது எண்ணைப் பற்றிய சச்சரவு. கூட்டாற்றிலும் அப்படி எல்லோரும் அறிய அளந்து சொல்ல ஏற்பாடு இருந்தால், தடுப்பணை ஒன்றினால் எவ்வளவு குறையும், எவ்வளவு குறையாது என்பதை யூகத்தில் பேச வேண்டியதில்லை. 2018ல் அமைந்த காவிரி மேலாண்மை ஆணையம் இதைக் கவனிக்கலாம்.

அதைவிட முக்கியமானது தலைப்பில் உள்ள புல்வெளி. அங்கே கிராண்டிஸ் குறைந்து புல்லும் சோலையும் மீண்டால், கோடையில் காந்தளூர் வாய்க்காலிலும் நீர் இருக்கும், அமராவதிக்கும் வரத்து இருக்கும். மேலும் கீழும் ஒருசேர ஆதாயம் பெறும் திட்டம் அது ஒன்றுதான்.

போய்வர விரும்புவோருக்கு

பாலக்காடு - பொள்ளாச்சி ரயில் பாதை அகலப்பாதையாக மாறி 2015ல் மீண்டும் திறக்கப்பட்ட பிறகு, உடுமலைப்பேட்டைக்கு நமக்கு நேர் வழி கிடைத்திருக்கிறது. உடுமலையிலிருந்து மூணாறு செல்லும் இரு மாநிலப் பேருந்துகளும் சின்னாறு, மறையூர் வழியாகவே போகின்றன. மறையூர் சுமார் 40 கிலோ மீட்டர். காட்டுச் சாலையில் யானை நடமாட்டம் உண்டு, ஆகையால் பகலிலேயே கடந்துவிட வேண்டும். ஆற்றில் முதலை இருப்பதால் குளிக்க இறங்கக்கூடாது. ஆனி, ஆடியில் போனால் அருவிகள் நிறைந்திருக்கும். சின்னாறு சோதனைச் சாவடிப் பாலத்தில் வண்டி நிற்கும் சில நிமிடங்களில் கீழே எட்டிப் பார்த்தால், மாநில எல்லை தண்ணீராக ஓடுவதைக் காணலாம்.